காதுக்குள்ளேயா, காதுக்கு மேலேயா

ரெண்டையும் எடுத்துக் கண்ணாடி மேஜை மேல வச்சுட்டு அந்தக் கடைப் பொண்ணு என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு நிக்கா. ஒண்ணு சுண்ணாம்பு டப்பி அளவுக்கு ஒரு வெள்ளை டப்பா, திறந்தா உள்ள ரெண்டு மொச்சைக்கொட்டை மாதிரி கிடக்கு, வயரும் கிடையாது ஒண்ணும் கிடையாது. இன்னொண்ணு தலையில மாட்டுற பெரிய ஹெட்ஃபோன், ரெண்டு பக்கமும் மெத்தை வச்சது. "எது மேடம் எடுக்கட்டும், காதுக்குள்ள வைக்கிறதா, காதுக்கு மேல போடுறதா?" நானும் அதைத்தானே தாயி வந்ததுலருந்து யோசிச்சுக்கிட்டு நிக்கேன். சுவரு பூரா டிவி, ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு சத்தம், அந்தப் பக்கம் ஆடித் தள்ளுபடின்னு மைக்கைப் பிடிச்சு ஒருத்தன் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துதான், இந்தச் சந்தையில நின்னுக்கிட்டு சத்தம் கேக்காம இருக்கதுக்கு ஒரு சாமான் வாங்கணும்னு வந்திருக்கேன் பாரு, என்னைச் சொல்லணும். விலையும் ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அதைக் காட்டித் தப்பிக்கவும் வழியில்லை. நாளைக்கு விடிஞ்சா எனக்குச் சோதனை வாரம். டீம் லீடர் ஜெயசிங் சென்னையில உக்காந்துக்கிட்டு போன்ல சொல்லிட்டான். "மங்கையர்க்கரசி மேடம், இந்த வாரம் உங்க ஃபைல் எல்லாத்தையும் நானே செக் பண்ணுவேன். இன்னொரு தடவை உங்க வீட்டுக் கதை பேஷண்ட் ஃபைலுக்குள்ள வந்துச்சுன்னா வீட்லருந்து வேலை கிடையாது. சென்னைக்கு வரணும், இல்லன்னா பேப்பர் போட்டுறணும்." சென்னைக்காம். மாமாவையும் அத்தையையும் யார் தலையில கட்டிட்டுப் போறது? அவனுக்கும் தெரியும் நான் திருநெல்வேலியை விட்டு அசைய முடியாதுன்னு. வேலை போச்சுங்கறதைத்தான் மரியாதையாச் சொல்லுதான். எப்பேர்ப்பட்ட வேலை, அமெரிக்காவுல டாக்டருங்க நோயாளியைப் பார்த்து முடிச்சு வாயால சொல்லி அனுப்புறதைக் கேட்டு டைப் அடிச்சு அனுப்புறது, நான் கெட்டிக்காரி அதுல, ஜெயசிங்கே சொல்லியிருக்கான். இப்ப மிஷினே பாதி அடிச்சுருது, அடிச்சு என்ன செய்ய, அது ஃபிஃப்டீன்னா ஃபிஃப்டிங்கும், ஹைப்பருன்னா ஹைப்போங்கும், ஒண்ணு ஏறியிருக்குன்னு அர்த்தம், ஒண்ணு இறங்கியிருக்குன்னு அர்த்தம், அதை மாத்தி எழுதினா மருந்து மாறும், மருந்து மாறினா ஆளு போயிருவான். அப்படி எதையும் நான் மாத்தினது கிடையாது. நான் மாத்தினது மோரு. ஒரு கிழவனுக்கு முட்டு ஆபரேஷன், என்ன சாப்பிடுதான் என்ன குடிக்கான்னு டாக்டர் முணுமுணுன்னு சொல்லிக்கிட்டு வாராரு, நானும் அடிச்சுக்கிட்டு வாரேன், ஹால்ல மாமா "மோரு புளிச்சுப் போச்சு போலுக்கு"ன்னாரு. இந்தப் பாழாப்போன கை அதையும் இங்கிலீஷ்ல மாத்தி அடிச்சுட்டுது. ரொட்டி, முட்டை, புளிச்ச மோர். மேல சரிபார்க்கிற ப்யூலா போனைப் போட்டு "ஏ மங்கை, அமெரிக்காவுல எவன்டி மோர் குடிக்கான்?"னு சிரியா சிரிச்சா, அவளே எடுத்து விட்டிருப்பா, அதுக்குள்ள ஃபைல் ஜெயசிங் கைக்குப் போயிட்டுது. அவன் சிரிக்கல.

மாமாவைக் குத்தம் சொல்லவும் முடியல, சொல்லாம இருக்கவும் முடியல. மருமக கிட்ட மாமனார் முகம் பார்த்துப் பேசக்கூடாதுன்னு எந்தக் காலத்துலயோ எவனோ வச்ச முறை, ஊரே விட்டுட்டுது, இவரு விடல. மின்வாரியத்துல அவ்வளவு பேரை அதட்டி வேலை வாங்கினவரு, வீட்ல என்கிட்ட ஒரு சொல் நேராச் சொன்னது கிடையாது. எல்லாம் சுவத்துக்கிட்டதான். "காப்பி இன்னும் ஆகல போலுக்கு." "மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு போலுக்கு." "வாசல்ல யாரோ கூப்பிடுதாங்க போலுக்கு." காலண்டரைப் பார்த்துச் சொல்லுவாரு, ஃபேனைப் பார்த்துச் சொல்லுவாரு, கேக்க வேண்டியது நான். அத்தைக்கு டிவி. சீரியல்ல எவளோ அழுதா இவங்களும் மூக்கைச் சிந்திக்கிட்டு உக்காந்திருப்பாங்க, பக்கத்து நாற்காலியில புருஷன் பேசுறது காதுல ஏறாது. என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் இன்சூரன்ஸ் ஏஜெண்ட், காலையில பாதி நேரம் வீட்லதான், ஆனா காதுல எப்பவும் போனு, "சார் நான் சொல்றதைக் கேளுங்க சார்"ன்னு வராந்தாவுக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருப்பாரு. அவருக்கும் ரெண்டு காது சாமி கொடுத்திருக்கு, அப்பா சொன்னது அதுல விழுந்து நான் பார்த்ததில்லை. ஆக, அந்த வீட்டுக்கே கேக்குற காது என் காது ஒண்ணுதான். அதனாலதான் கம்பெனி கொடுத்த வயர் இயர்ஃபோனை வலது காதுல மட்டும் சொருகிக்கிட்டு, இடது காதை வீட்டுக்கு விட்டு வச்சிருக்கேன். ஒத்தைக் காதுல அமெரிக்கா, ஒத்தைக் காதுல ஹாலு. எப்படி விளங்கும்? ஆனா போன தை மாசம் அந்த இடது காது இல்லன்னா என்ன ஆகியிருக்கும்? சர்க்கரைக்கு ஊசி போட்டுட்டு சாப்பிட மறந்துட்டாரு மனுஷன், போட்டதுக்கப்புறம் நாற்காலியில சாஞ்சுக்கிட்டு மெதுவா, அதுவும் காலண்டரைப் பார்த்துத்தான், "வேர்க்குது போலுக்கு"ன்னாரு. அப்படி ஒரு வேர்வை. நான் கீபோர்டைத் தள்ளிட்டு ஓடினேன். சட்டை முதுகோட ஒட்டியிருக்கு, கண்ணு எங்கயோ பார்க்குது, சீனியைக் கரைச்சு வாயில ஊத்தினேன். அத்தை அதுக்கப்புறம்தான் டிவியிலருந்து திரும்பினாங்க. "என்னட்டி ஆச்சு?" என்ன ஆச்சா. ஹைப்போ ஆச்சு, சர்க்கரை இறங்கிப் போச்சு. ஊருல உள்ளவனுக்கெல்லாம் நான் டைப் அடிச்சுக் கொடுக்கிற ஹைப்போ எங்க வீட்டு நாற்காலியில உக்காந்திருந்தது. ஆஸ்பத்திரியில டாக்டர் எங்க வீட்டுக்காரரைப் பார்த்து, "நல்லவேளை, யாரோ கவனிச்சிருக்காங்க"ன்னாரு. யாரோ! நான் பக்கத்துலதான் நின்னேன். அவரும் "ஆமா சார், வீட்ல ஆளு இருந்தாங்க"ன்னாரு. அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது மாமா ஃபேனைப் பார்த்து, "ரசம் நல்லாருக்கு போலுக்கு"ன்னு சொன்னாரு, அதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும், எனக்குக் கண்ணு கலங்கிட்டுது, அதுவும் உண்மைதான். அந்த மனுஷன் மேல எனக்கு என்ன கோவம்? எனக்குக் கோவமெல்லாம் இந்தக் காது மேல.

"மேடம், ட்ரை பண்ணிப் பார்க்கலாமே"ங்கா அந்தப் பொண்ணு, நல்ல பொண்ணு, பேர் அட்டையில செல்வராணின்னு போட்டிருக்கு, எனக்குப் பின்னால ரெண்டு பையன்கள் வந்து நிக்கிறதால அவளுக்கு அவசரம். இரு தாயி. ப்யூலா என்ன சொன்னா? "காதுக்குள்ள வைக்கிறதை வாங்கிராதட்டி, எட்டு மணி நேரம் வச்சா காது புண்ணாப் போயிரும், எனக்குச் சீழ் வச்சுப் போச்சு." சரி, மேல போடுறதுதான்னு முடிவு பண்ணினேன். அப்புறம் யூட்யூபுல ஒருத்தன், நம்ம ஊரு வெயிலுக்கு அதைப் போட்டா காது அவிஞ்சு போகும்னுட்டான். அவன் ஏசி ரூம்ல உக்காந்துதான் சொல்லுதான், என் வேலை நடக்குறது அடுப்படிக்குப் பக்கத்துல உள்ள ரூம்ல, மாவரைக்கிற சூடும் அங்கதான் வரும், குக்கர் சத்தமும் அங்கதான் வரும். சரி, சின்னதுன்னு முடிவு பண்ணினேன். அப்புறம் யோசனை, குனிஞ்சு பாத்திரம் எடுக்கும்போது சாம்பாருக்குள்ள விழுந்துட்டா? விழும், எனக்குன்னு விழும். என் ராசி அது. இதுக்கு மேல இந்தத் தோடு. காதுக்கு மேல போடுற மெத்தை தோட்டை அமுக்கும், தோட்டோட திருகு பின்னால கழுத்துல குத்தும், ஒரு மணி நேரம் தாங்கலாம், எட்டு மணி நேரம் எப்படித் தாங்குறது, கழட்டித்தான் ஆகணும். கழட்டினா அத்தை விடுவாங்களா? போன மாசம் திருகு தேஞ்சு போச்சுன்னு ஆசாரிகிட்ட கொடுத்திருந்தேன், ஒரு சாயங்காலம், ஒரே ஒரு சாயங்காலம் காது வெறுமனே இருந்தது, "வெறுங்காதோட எதுக்க வராதட்டி, என் பிள்ளை வெளிய கிளம்புதான்"னு ஒரு சத்தம் போட்டாங்க பாருங்க. வேப்பங்குச்சியையாவது சொருகிக்கோன்னு ஒடிச்சுக் கொடுத்தாங்க. சொருகிக்கிட்டேன். தினமும் காலையில ஷிஃப்ட்டு ஆரம்பிக்கும்போது தோட்டைக் கழட்டி மேஜையில வச்சுட்டு வேலை பார்க்கப் போறேன்னு நான் சொன்னா அந்த வீட்ல இடி விழும். அப்ப சின்னதே வாங்கு, தோட்டுக்கும் ஆபத்தில்ல, முடியை இழுத்து விட்டுக்கிட்டா ஒருத்தருக்கும் தெரியாது. இதைத்தான் என் வீட்டுக்காரரும் சொன்னாரு, பைக்ல வரும்போதே, பாலத்து மேல காத்து வீசி அடிக்க அடிக்கத் தலையைத் திருப்பித் திருப்பி, "ஏ மங்கை, சின்னதா வாங்கிக்கோ, அப்பா கண்ணுல படாது. பெருசை மாட்டிக்கிட்டு நீ உக்காந்திருந்தா அப்பாவுக்கு ஒரு மாதிரி இருக்கும்லா? நம்மளைக் கண்டுக்காம இருக்கான்னு நினைப்பாரு." எனக்கு ஒரு மாதிரி இருக்கிறதை இந்த மனுஷன் என்னிக்காவது யோசிச்சிருக்காரா? காத்துல சேலையைப் பிடிக்கிறதா, அவருக்குப் பதில் சொல்றதா.

சரி, கொடு. செல்வராணி அந்த மொச்சைக்கொட்டைக்கு ரப்பர் மாத்தி மாத்திப் போட்டுக் கொடுத்தா, என் வலது காது பெருசாம், இடது காது சின்னதாம், இத்தனை வருஷம் எனக்கே தெரியாது. திருகி உள்ள வச்சேன். முதல்ல குளத்துல முங்கினா காது அடைக்குமே, அந்த மாதிரி. அப்புறம் அவ எதையோ தட்டிவிட்டா, அம்மாடி, டிவி அத்தனையும் தூரப் போச்சு, ஆடித் தள்ளுபடிக்காரன் வாயைத் திறந்து மூடுதான், சத்தம் எங்கயோ பக்கத்துத் தெருவுல கேக்குற மாதிரி. செல்வராணி சிரிக்கா. "எப்படி மேடம்?" உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டேன். அங்க ஒரு கண்ணாடி வச்சிருக்காங்க, அதுல என்னைப் பார்த்தா, முடி காதை மூடியிருக்கு, ஒண்ணுமே தெரியல, எப்பவும்போல இருக்கேன். கேட்டுக்கிட்டு இருக்கிறவ மாதிரியே இருக்கேன். அப்பதான் எனக்குப் பயம் பிடிச்சுது. இதே மூஞ்சியோட நாளைக்கு ரூம்ல உக்காந்திருப்பேன், கதவு திறந்திருக்கும், ஹால்லருந்து பார்த்தா நான் தெரிவேன், எப்பவும்போலத் தெரிவேன். மாமா நாற்காலியில சாஞ்சுக்கிட்டு காலண்டர்கிட்ட வேர்க்குது போலுக்குன்னு சொல்லுவாரு. சொன்னதும் நிம்மதியாயிருவாரு, ஏன்னா சொல்லியாச்சு, அவ வருவா. அத்தைக்கு ஒருவேளை காதுல விழுந்தாக்கூட அசைய மாட்டாங்க, அவதான் இருக்காளே. இவர் வராந்தாவுல நடந்துக்கிட்டே உள்ள ஒரு பார்வை பார்ப்பாரு, நான் உக்காந்திருக்கேன், சரி, எல்லாம் சரியா இருக்கு, சார் நான் சொல்றதைக் கேளுங்க சார். மூணு பேரும் என்னை நம்பிக்கிட்டு இருப்பாங்க. நான் ஒரு கிழவனோட முட்டு ஆபரேஷனைப் பத்தி அடிச்சுக்கிட்டு இருப்பேன். அப்புறம்? அப்புறம் என்ன, ஊரு கூடி வந்து நின்னு, வீட்டுக்குள்ளயே இருந்தாளாம், கூப்பிடக் கூப்பிட வரலையாம்னு பேசும். கூப்பிட்டாரா? யாரு கூப்பிட்டா? அதை எவன் கேப்பான். அந்தக் கொட்டையைப் பிடுங்கி எடுத்தேன், டிவிச் சத்தம் பூரா தலை மேல வந்து விழுந்தது. செல்வராணி பயந்துட்டா. "வலிக்குதா மேடம்?" வலிக்கலம்மா. "இதுல இன்னொரு வசதி இருக்கு மேடம், ஒரு தட்டுத் தட்டினா வெளிய உள்ள சத்தமும் கேக்கும்." எப்ப தட்டணும்னு எனக்கு எப்படித் தெரியும்? "உங்களை யாராவது கூப்பிடும்போது மேடம்." கூப்பிடுறது எனக்குக் கேட்டாத்தானே தாயி நான் தட்டுறதுக்கு! அவ டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பின்னால நின்ன பையன்கள்ல ஒருத்தன் "ஆன்ட்டி, ப்ளீஸ், சீக்கிரம்"னான். இருங்கடா, உங்களுக்கென்ன, பாட்டு கேக்கதுக்கு வாங்குதீங்க.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வந்து நின்னாரு, இவ்வளவு நேரம் மிக்சி பக்கம் நின்னு எவனுக்கோ பாலிசி சொல்லிக்கிட்டு இருந்தாரு. "என்ன, முடிஞ்சுதா?" இல்ல. "இதுல என்ன இவ்வளவு யோசனை? சின்னதை எடுத்துட்டு வா. வேணும்னா வலது காதுல மட்டும் வச்சுக்கோ." இப்பவும் வலது காதுல மட்டும்தானே வச்சிருக்கேன், அதனாலதானே மோரு வந்துச்சு, அதனாலதானே இங்க நிக்கேன்! "அப்ப ரெண்டுலயும் வச்சுக்கோ. வேலை முக்கியம்லா." அப்ப அப்பாவுக்கு ஒண்ணுன்னா? "அதான் நீ வீட்ல இருக்கல்ல?" சுவத்துல போய் முட்டிக்கலாமான்னு வந்தது. நான் வீட்ல இருக்கேன், ஆனா வீட்ல இருக்கக்கூடாது, அதுக்குத்தானேய்யா இதை வாங்க வந்திருக்கோம், உன் அப்பன் சொல்றது என் காதுல விழக்கூடாதுன்னுதானே என் சம்பளத்தைப் போட்டு வாங்குதேன், அது விழாட்டா வேற யாரு காதுல விழணும், சொல்லு, அதைச் சொல்லிட்டுப் போ. வாய்க்குள்ளதான். வெளிய வந்தது "இன்னும் ஒரு தடவை பார்த்துக்கிடுதேன்" அவ்வளவுதான். அவருக்குப் போன் வந்துட்டுது, "சார், சொல்லுங்க சார்"ன்னு அந்தப் பக்கம் நகர்ந்துட்டாரு. எனக்கு அழுகை வர மாதிரி இருந்தது, கடைக்குள்ள நின்னுக்கிட்டு ஒரு ஹெட்ஃபோனுக்காக அழுதாளாம்னு ஆகிரும், அடக்கிக்கிட்டேன். அந்தப் பெருசைக் கொடும்மா.

அது காட்டுறதுக்குன்னு வச்சிருக்கிற பீஸு, யாரும் தூக்கிட்டுப் போயிரக்கூடாதுன்னு சுருள் கம்பி போட்டு மேஜையோட கட்டியிருக்காங்க. தலையில மாட்டினேன், தோடு அமுங்கிச்சு, திருகு குத்திச்சு, நினைச்சது சரிதான். கழட்டினேன். ரெண்டு தோட்டையும் கழட்டி உள்ளங்கையில வச்சு மூடிக்கிட்டேன், செல்வராணி ஏன்னு கேக்கல, அவ காதுல சின்ன பிளாஸ்டிக் கம்மல்தான். திரும்ப மாட்டினேன். மெத்தை ரெண்டும் காதைச் சுத்தி வந்து உக்காந்துச்சு, யாரோ ரெண்டு கையாலயும் என் காதைப் பொத்தின மாதிரி. அவ பொத்தானை அமுக்கினா. போச்சு. டிவி, மைக்கு, பையன்கள், ரோட்டுல பஸ்ஸு அடிக்கிற ஹாரன், எல்லாம் போச்சு. என் மூச்சு எனக்குக் கேக்குது. என் போன்ல ஒரு ஃபைல் வச்சிருக்கேன், பாளையங்கோட்டையில ட்ரெயினிங் எடுத்தப்ப பழகுறதுக்குன்னு கொடுத்தது, வயசான டாக்டர் ஒருத்தர் இருமி இருமிப் பேசுவாரு, அதுல ஒரு இடத்துல ஒரு வார்த்தை புரியவே புரியாது, ட்ரெயினிங்ல இருந்த ஒருத்தருக்கும் புரியல, கோடு போட்டு விட்டுட்டுத்தான் போவோம். அதைப் போட்டேன். ஐயோ, அந்த மனுஷன் பக்கத்துல உக்காந்து பேசுதாரு. காகிதம் புரட்டுறது கேக்குது, எச்சி முழுங்குறது கேக்குது, நாற்காலி கிறீச்சுங்குது. அந்த இடம் வந்துச்சு. "லெஃப்ட்." அவ்வளவுதான், லெஃப்ட், இடது. இத்தனை வருஷமா அந்த நோயாளிக்கு எந்தக் காலுன்னு தெரியாம இருந்திருக்கேன். எனக்குச் சிரிப்பு வந்தது, வாயை விட்டே சிரிச்சேன், எனக்கே கேக்கல. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. நான் கெட்டிக்காரிதான். ரெண்டு காதையும் ஒரே இடத்துல வைக்க விட்டிருந்தா நான் எங்கயோ போயிருப்பேன், ப்யூலா உக்காந்திருக்கிற நாற்காலியில நான் உக்காந்திருப்பேன். கண்ணாடியில பார்த்தேன். இப்ப நல்லாத் தெரியுது, தலையில கறுப்பா ஒரு பாலம், ரெண்டு பக்கமும் ரெண்டு மூடி, தூரத்துலருந்து பார்க்கிற குழந்தைக்கும் தெரியும் இவளுக்கு எதுவும் கேக்காதுன்னு. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் விட்டுப் போச்சு. இதுதான் நல்லது. மாமாவுக்கும் இதுதான் நல்லது. காலண்டர்கிட்ட சொல்லிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாரு, மூடியிருக்கும். அத்தை பார்ப்பாங்க, மூடியிருக்கும். இவரு வராந்தாவுலருந்து பார்ப்பாரு, மூடியிருக்கும். அப்ப யாராவது ஒருத்தர் எந்திரிக்கணும்லா? ஒரு மாதிரி இருக்கட்டும், இருந்தா என்ன, ஒரு மாதிரி இருந்தாத்தான் உயிரு நிக்கும். இதை எப்படி இவருக்குப் புரிய வைக்கிறது, எந்த இடத்துல ஆரம்பிக்கிறது, வீட்டுக்குப் போய்ச் சொல்லலாமா, இல்ல பைக்ல போகும்போது சொல்லலாமா, காத்துல கேக்காது, டாக்டர் காதுக்குள்ள இடது காலைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருக்காரு, அப்பதான் பார்த்தேன், இவரு எதுக்க வந்து நிக்காரு. உதடு அசையுது. என்னமோ கேக்காரு, கையை விரிச்சு என்னமோ விளக்குதாரு, தலையை ஆட்டுதாரு. நானும் அந்தப் பழக்கத்துல தலையை ஆட்டிட்டேன். அவரு திருப்தியாப் போயிட்டாரு. காதுக்கு மேல இவ்வளவு பெரிய சாமான் இருக்கு, அதைப் பார்த்துக்கிட்டே பேசிட்டுப் போறாரு!

எதுக்குத் தலையாட்டினேன்னு எனக்கே தெரியல, ஆனா பில்லு போடுற இடத்துல அவரு கையில இருக்கிறது என்னன்னு தெரிஞ்சுது. அந்த வெள்ளை டப்பா. செல்வராணி புது பீஸு எடுத்துக் கொடுத்திருக்கா போல, நான் சம்மதம் சொல்லிட்டேன்னு நினைச்சிருப்பா, அவளைச் சொல்லிக் குத்தமில்ல. அவரு என் கார்டை நீட்டுதாரு. நான் ஓரெட்டு வச்சேன், சுருள் கம்பி இழுத்துப் பிடிச்சுது, தலை பின்னால போச்சு. கழட்டிட்டு ஓடலாம். கழட்டினா என்ன ஆகும், பக்கத்துல போய் நின்னு மெதுவா, என்னங்க, நான் என்ன சொல்றேன்னா, அப்படின்னு ஆரம்பிப்பேன், அவரு சரி வா வீட்ல பேசிக்கலாம்பாரு, டப்பாவைப் பைக்குள்ள போட்டுருவாரு, நாளைக்கு விடிஞ்சுரும். கழட்டல. நின்ன இடத்துலருந்தே கூப்பிட்டேன். "என்னங்க." திரும்பல. "என்னங்க, அது வேண்டாம். எனக்கு இதுதான் வேணும். இது மாட்டியிருந்தா எனக்குக் கேக்காதுன்னு வீட்ல எல்லாருக்கும் தெரியணும். மாமாவுக்கு வேர்த்தா நீங்க எந்திரிச்சுப் போகணும். இல்லன்னா அத்தை போகணும். நான் வேலையில இருப்பேன்." எப்பவும் பேசுற மாதிரி மெதுவாத்தான் சொன்னேன், எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. ஆனா பில்லு போடுற பையன் கையில கார்டைப் பிடிச்சபடி அப்படியே நிக்கான். டிவி பார்த்துக்கிட்டு நின்ன குடும்பம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்க்குது, கைக்குழந்தை உட்பட. ஆடித் தள்ளுபடிக்காரன் மைக்கை இறக்கிட்டான். செல்வராணி வாயில கையை வச்சிருக்கா, கண்ணு சிரிக்குது. அப்பதான் எனக்கு உறைச்சுது, நான் கடை அதிரக் கத்தியிருக்கேன். எனக்கு வெட்கமா இருந்திருக்கணும், வரல. என் வீட்டுக்காரர் டப்பாவை அங்கயே போட்டுட்டு முகமெல்லாம் சிவந்து வேகவேகமா வாராரு, வரும்போதே உள்ளங்கையைக் கீழ அமுக்கி அமுக்கி, மெதுவா மெதுவாங்காரு போல, பக்கத்துல வந்து குனிஞ்சு என்னமோ சொல்லுதாரு, உதடு அசையுது, காதைக் காட்டிக் கழட்டுங்கற மாதிரி கையை ஆட்டுதாரு. நான் அவரு மூஞ்சியை நேராப் பார்த்தேன். "எனக்குக் கேக்கல"ன்னேன்.